பழைய போட்டிப் பட்டியலில் ஒரு பெயர்: அந்த ஆளைப் பதிவேடுகளில் தேடுவது எப்படி?

கேள்வி இதுதான்: பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நடந்த சதுரங்கப் போட்டி ஒன்றின் புள்ளிப்பட்டியலில் ஒரு பெயர் கண்ணில் படுகிறது. தரவுத்தளங்களில் அவர் ஆடிய ஓரிரு ஆட்டங்களும் இருக்கின்றன. ஆனால் அவர் எங்கே பிறந்தார், எதைச் செய்து பிழைத்தார், எப்போது இறந்தார் என்று எங்கும் எழுதப்படவில்லை. தொழில்முறை ஆட்டக்காரராக இல்லாத ஒருவரின் வாழ்க்கையை இத்தனை காலம் கழித்துத் திரட்ட முடியுமா?

பெரும்பாலும் முடியும். முதலில் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்: நீங்கள் தேடப்போகிற பதிவேடுகளில் அனேகமாக எதிலும் சதுரங்கம் என்ற சொல்லே இருக்காது. கணக்கெடுப்பு அலுவலர் தொழிலைக் கேட்டாரே தவிரப் பொழுதுபோக்கைக் கேட்கவில்லை. சதுரங்கப் பத்தி எழுதியவரோ ஆட்டத்தை அச்சிட்டாரே தவிர ஆடியவரின் தகப்பன் பெயரை விசாரிக்கவில்லை. ஆகவே ஒரு பக்கம் ஆட்டக்காரர், மறு பக்கம் அதே பெயருள்ள குடிமகன் என்று இரண்டு ஆட்கள் தனித்தனியே நிற்பார்கள். அவ்விருவரும் ஒருவரே என்று காட்டுகிற ஒரு தாளையாவது கண்டெடுப்பதுதான் இந்த வேலையின் உயிர்நாடி. அது கையில் இல்லாமல் பிறப்பு, இறப்பு, முகவரி என்று எவ்வளவு சேர்த்தாலும், அது யாரோ ஒருவருடைய வாழ்க்கைக் குறிப்பாகப் போய்விடும் அபாயம் உண்டு.

இதைப் பொதுப்படையாகச் சொல்வதைவிட ஓர் உதாரணத்தை வைத்துச் சொல்கிறேன். மேரி ரட்ஜ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1897 இல் லண்டனில் நடந்த முதல் பன்னாட்டு மகளிர் சதுரங்கப் போட்டியில் 19 ஆட்டங்களில் பதினெட்டை வென்று, ஒன்றைச் சமன் செய்து முதலிடம் பெற்றார். ஆடிய இருபது பேரில் மூத்தவர் அவர்தான்; அப்போது வயது 55. விக்டோரியா அரசியின் வைரவிழா ஊர்வலத்துக்கு மறுநாள் தொடங்கிய அந்தப் போட்டியைப் பத்திரிகைகள் ஓரளவு விரிவாகவே எழுதின. முதல் பரிசு 60 பவுன். அவ்வளவு பேர் பெற்றவரைத் தெரியாதவர் என்பதா என்று கேட்கலாம். அந்தப் போட்டி நாட்களை எடுத்துவிட்டால், ஊர் ஊராக மாறி, பிறர் வீடுகளில் தங்கி, கடைசியில் தீராநோயாளர் இல்லத்தில் அடைக்கலம் தேடிய ஏழைப் பெண்தான் எஞ்சுகிறார். அவருடைய வாழ்க்கையைப் பின்னாளில் கோத்தெடுத்தவர்கள் பதிவேடுகளையும் பழைய செய்தித்தாள் பத்திகளையும் கொண்டே அதைச் செய்தார்கள்.

முதலில் ஆட்டக்காரர் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். ஜெரமி கெய்ஜ் தொகுத்து 1987 இல் வெளிவந்த சதுரங்க ஆளுமைகள் அகராதியில் ஏறத்தாழ 14,000 பேரின் பிறப்பு, இறப்பு விவரங்கள் மூலங்களின் குறிப்போடு இருக்கின்றன. உங்கள் ஆள் அதில் இருந்தால் பாதி வேலை மிச்சம். இல்லையென்றால் போட்டி நடந்த காலத்துச் சதுரங்க இதழ்களையும் வட்டாரச் செய்தித்தாள்களின் சதுரங்கப் பத்திகளையும் படிக்க வேண்டும். தேடவேண்டியது ஆட்டங்களை அல்ல; பெயருக்கு முன்னும் பின்னும் ஒட்டிக்கொண்டு வருகிற சிறு சொற்களை. 'டாக்டர்', 'பாதிரியார்', 'கேப்டன்', 'இன்ன ஊர்க்காரர்', 'இன்ன சங்கத்தின் செயலாளர்', 'இன்னாரின் மகள்' போன்றவையே பதிவேடுகளுக்குள் நுழையத் திறவுகோல்கள். மருத்துவர் என்றால் 1858 ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு மருத்துவப் பதிவேட்டில் இருந்தாக வேண்டும். ஆங்கிலத் திருச்சபைக் குருமார் என்றால் கிராக்ஃபோர்டு கையேட்டில் படித்த கல்லூரியும் பணிசெய்த ஊர்களும் வரிசையாக இருக்கும். மேரியின் தந்தை ஹென்றி ரட்ஜ் ஹெரஃபர்டுஷையரில் லெம்ஸ்டர் என்ற சிற்றூரில் அறுவை மருத்துவர். சகோதரர் குருவானவராக இருந்து பிறகு பள்ளி நடத்தியவர். குடும்பத்து ஆண்களின் தொழில் வழியாகவே பெண்ணின் இருப்பிடத்தைப் பிடிக்க வேண்டியிருக்கிறது என்பது கசப்பான உண்மைதான். ஆனால் அக்காலப் பதிவேடுகளின் அமைப்பே அப்படி.

செய்தித்தாள்கள் இன்று எண்மமாகிவிட்டதால் தேடல் எளிது என்று நினைக்கத் தோன்றும். 'ரட்ஜ்' என்று மட்டும் தட்டிப் பாருங்கள். 1880களின் தாள்களில் ரட்ஜ் மிதிவண்டி விளம்பரங்கள் பக்கம் பக்கமாக வந்து குவியும். போதாக்குறைக்கு டிக்கன்ஸ் எழுதிய 'பார்னபி ரட்ஜ்' நாவலும் அதன் நாடக வடிவங்களும் நடுவே புகுந்துகொள்ளும். ஆகவே குடும்பப் பெயரைத் தனியாகத் தேடாமல் 'மிஸ் ரட்ஜ்' என்ற தொடரோடு சதுரங்கம், ஊர், சங்கம் ஆகிய சொற்களில் ஒன்றைச் சேர்த்துத் தேட வேண்டும். இன்னொரு தொல்லை, அச்சை எழுத்தாக மாற்றும் மென்பொருள் செய்யும் பிழை. மங்கிய பழைய அச்சில் முதலெழுத்து தேய்ந்திருந்தால் ரட்ஜ் 'பட்ஜ்' ஆகவும் 'கட்ஜ்' ஆகவும் மாறிக் கிடக்கும். அந்தத் தப்பான வடிவங்களையும் தேடுகிறவருக்கே பிறர் காணாதது கிடைக்கும். பிரிட்டிஷ் செய்தித்தாள் காப்பகத்துக்குக் கட்டணம் உண்டு. ஆஸ்திரேலியாவின் டிரோவ், நியூசிலாந்தின் பேப்பர்ஸ் பாஸ்ட் என்ற பழைய செய்தித்தாள் தளங்கள் இரண்டும் இலவசம். இங்கிலாந்துச் செய்திகளைக் காலனித் தாள்கள் மறுபதிப்புச் செய்வது வழக்கம் என்பதால், லண்டன் தாளில் கிடைக்காத ஒரு பத்தி சில சமயம் மெல்பர்ன் தாளில் கிடைத்துவிடும்.

இனிக் குடிமகன் பக்கம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவு 1837 ஜூலையில் தொடங்கியது. அட்டவணை காலாண்டு வாரியாக இருக்கும். மேரி 1842 பிப்ரவரி 6 அன்று பிறந்தவர். ஆகவே அந்த ஆண்டின் முதல் காலாண்டையும், பதிவு தாமதமாகியிருக்கலாம் என்பதால் அடுத்த காலாண்டையும் பார்க்க வேண்டும். பதிவுத்துறை இப்போது இணையத்தில் வைத்திருக்கும் புதிய அட்டவணையில் தாயின் கன்னிக் குடும்பப் பெயரும் இருக்கிறது. ஒரே பெயரில் இரண்டு குழந்தைகள் தட்டுப்படும்போது எது நம் குழந்தை என்று தீர்ப்பதற்கு அதைப்போல உதவுவது வேறில்லை. 1875க்கு முன் பெற்றோர் தாமாக வந்து பதியவேண்டிய கட்டாயம் தளர்வாக இருந்ததால் சில பிறப்புகள் விடுபட்டிருக்கும். அப்போது திருச்சபையின் ஞானஸ்நானப் பதிவேடுதான் கதி.

அடுத்தது பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கப்பட்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 1841 கணக்கெடுப்பில் வயதுவந்தோரின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினார்கள், உறவுமுறையும் எழுதவில்லை. ஆகவே உருப்படியான தகவல் 1851 முதலே கிடைக்கும். மேரியைப் போல 1842 இல் பிறந்தவர் முதலில் தென்படுவதும் 1851 இல்தான். 1931 ஆம் ஆண்டுத் தாள்கள் 1942 இல் தீயில் எரிந்துபோயின. 1921 ஆம் ஆண்டுத் தாள்கள் நூறாண்டு விதிப்படி 2022 இல்தான் வெளிவந்தன. இந்த வரிசையில் ஓர் ஆளைப் பத்தாண்டுக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே வருவது, இடையில் என்ன நடந்தது என்று ஊகிக்க நல்ல சட்டகத்தைத் தரும். தந்தை 1874 இல் இறந்தபின் மேரியும் ஒரு சகோதரியும் பிரிஸ்டலில் இருந்த சகோதரரிடம் போனார்கள். ஒரு கணக்கெடுப்பில் லெம்ஸ்டரிலும் மறு கணக்கெடுப்பில் பிரிஸ்டலிலும் இருக்கிற ஒருவர் ஏன் இடம்மாறினார் என்பதற்கு விடை, அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட இறப்பு அட்டவணையில் இருக்கிறது. பிரிஸ்டல் சங்கத்தின் ஆட்டச் செய்திகளில் 'மிஸ் ரட்ஜ்' தலைகாட்டுவதும் இந்தக் காலத்தோடு பொருந்துகிறது.

மணமாகாத பெண்ணைத் தேடுவதில் ஓர் அனுகூலமும் ஒரு சிக்கலும் உண்டு. பெயர் மாறாது என்பது அனுகூலம். மணமானவரைத் தேடிப் பாருங்கள், வேதனை புரியும். மேரியைத் தம் வீட்டில் வைத்துக்கொண்ட ஃபிரைட்ஸ்வைட் ரோலண்ட் சதுரங்கப் பத்தி எழுதியவர், புதிர்கள் இயற்றியவர். ஆனாலும் தாள்களில் அவர் பெரும்பாலும் 'திருமதி டி. பி. ரோலண்ட்' என்று கணவரின் முதலெழுத்துகளோடுதான் வருகிறார். மணத்துக்கு முன் அவர் மிஸ் பீச்சி. இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று தெரியாதவர் ஒருவரின் வாழ்க்கையை இரண்டாக வெட்டிவிடுவார். மணமாகாதவரைப் பொறுத்தவரை சிக்கல் என்னவென்றால், சொந்த வீடு இல்லாமல் போவது. சீமாட்டிகளுக்குத் துணையாக இருந்து பிழைத்தவர் கணக்கெடுப்பு இரவில் யார் வீட்டில் இருந்தாரோ அந்தக் குடும்பத் தாளில், குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்ற கட்டத்தில் 'விருந்தினர்', 'துணை', 'தங்கியிருப்பவர்' என்ற சொல்லோடு அடைபட்டுக் கிடப்பார். குடும்பத்தை வைத்துத் தேடினால் அகப்பட மாட்டார். பிறந்த ஊரையும் வயதையும் வைத்துத் தேட வேண்டும்.

மேரி ரோலண்ட் தம்பதியரோடு டப்ளின் பக்கம் கிளான்டார்ஃபிலும் கிங்ஸ்டவுனிலும் சில ஆண்டுகள் இருந்தார். கிளான்டார்ஃப் அணிக்காக ஆம்ஸ்ட்ராங் கோப்பை என்ற அணிப் போட்டியில் ஆடினார். இங்கே தேடுகிறவர் முட்டுச் சந்தில் போய் நிற்பார். அயர்லாந்தின் 1861, 1871, 1881, 1891 கணக்கெடுப்புத் தாள்களை அரசே அழித்துவிட்டது. அதற்கு முந்தையவற்றில் பெரும்பகுதி 1922 இல், ஆவணக் காப்பகம் இருந்த டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத் தீயில் போனது. முழுமையாக எஞ்சியிருப்பவை 1901, 1911 இரண்டுமே. அவற்றை அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகம் இலவசமாகவே வைத்திருக்கிறது. ஆக, 1891 இல் ஒருவர் இங்கிலாந்துக் கணக்கெடுப்புத் தாள்களில் இல்லை என்றால் இறந்துவிட்டார் என்றோ கப்பலேறிவிட்டார் என்றோ முடிவுகட்டக் கூடாது. ஐரிஷ் கடல் தாண்டி டப்ளினில் உட்கார்ந்து சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்திருக்கலாம். அந்த இடைவெளியை நிரப்ப அணிப் போட்டி முடிவுகளைத் தவிர வேறு வழி இல்லை. பதிவேடு அற்றுப்போன இடத்தில் ஆட்டக்காரர் பக்கம் கைகொடுக்கிறது.

முதலில் சொன்ன, இரண்டு பக்கத்தையும் தைக்கிற அந்தத் தாள் மேரிக்கு இருக்கிறது. திருமதி ரோலண்ட் 1912 இல் 'கார்க் வீக்லி நியூஸ்' தாளில் தம் சதுரங்கப் பத்தியில் ஓர் உதவி வேண்டுகோள் வெளியிட்டார். காலஞ்சென்ற டாக்டர் ரட்ஜின் மகள் மேரி, தந்தைக்குப் பின் பள்ளி நடத்திய சகோதரரோடு வாழ்ந்தவர், சகோதரரும் சகோதரிகளும் இறந்துவிட்டதால் வருமானம் ஏதுமின்றி நிற்கிறார், சீமாட்டிகள் பலரிடம் துணையாக இருந்தார், கிளான்டார்ஃப் அணிக்குத் தூணாக ஆடினார், பிரிஸ்டல் சங்கத்தின் சாம்பியன் கோப்பையை வைத்திருந்தார், இப்போது முடக்குவாதத்தால் கையாலாகாமல் கிடக்கிறார், தீராநோயாளர் இல்லம் ஒன்றில் சேரும்வரை செலவுக்குச் சதுரங்க அன்பர்கள் உதவ வேண்டும் என்கிறது அது. படித்தால் மனம் கனக்கிறது. ஆய்வு நோக்கில் பார்த்தாலோ அது புதையல். தந்தையின் தொழில், சகோதரரின் பள்ளி, பிரிஸ்டல், டப்ளின், கோப்பை, நோய் அனைத்தையும் ஒரே ஆளின்மேல் ஒரே பத்தியில் ஏற்றுகிறது. அதை எழுதியவர் அவரோடு ஆண்டுக்கணக்கில் ஒரே வீட்டில் வாழ்ந்தவர். இதற்குப் பிறகு லெம்ஸ்டர் மருத்துவரின் மகளும் 1897 இல் வென்றவரும் ஒருவரா என்ற ஐயத்துக்கு இடமில்லை. உங்கள் ஆளுக்கும் இப்படி ஒன்றைத் தேடுங்கள். பெரும்பாலும் அது இரங்கல் குறிப்பாக இருக்கும். உதவி வேண்டுகோள், பிரிவுபசாரச் செய்தி, பரிசளிப்பு உரை ஆகியவற்றிலும் கிடைப்பதுண்டு. ஆடிய ஆட்டங்களில் அது ஒருபோதும் இருக்காது.

முடிவைத் தேடும்போது ஒரு நுட்பம் உண்டு. மேரி லண்டனின் தென்பகுதியில் ஸ்ட்ரெதமில் இருந்த பிரிட்டிஷ் தீராநோயாளர் இல்லத்தில் சேர்ந்தார். 1919 நவம்பர் 22 அன்று லண்டனின் வேறொரு பகுதியில் இருந்த கைஸ் மருத்துவமனையில் இறந்தார். இறப்பு, வாழ்ந்த இடத்தின் கணக்கில் அல்ல, இறந்த இடத்தின் கணக்கில் பதியப்படும் என்பதால், ஸ்ட்ரெதமை உள்ளடக்கிய பதிவு மாவட்டத்தில் மட்டும் தேடுகிறவர் வெறுங்கையோடு திரும்புவார். 1866 முதல் இறப்பு அட்டவணையில் வயதும் இருப்பதால், பிறந்த ஆண்டோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம். ஆனால் தகவல் தந்தவர் மருத்துவமனை அலுவலராக இருந்தால் வயது ஓரிரு ஆண்டு முன்பின் ஆவது சகஜம். 1858 முதல் உயில்களுக்கான தேசிய அட்டவணை இருக்கிறது. சொத்துள்ளவர்களுக்கு அது பொன்னானது. மேரியைப் போன்றவர்களுக்கு அதைவிட இல்லங்களின் அனுமதிப் பதிவேடுகளும் நன்கொடையாளர் அறிக்கைகளுமே பயன்படும்.

சேர்த்தபின் எழுதும்போதும் ஒரு கட்டுப்பாடு தேவை. மேரி ரட்ஜ் உலக சாம்பியன் இமானுவேல் லஸ்கரைத் தோற்கடித்தார் என்று ஆங்காங்கே எழுதியிருப்பார்கள். நடந்தது வேறு: 1898 இல் பிரிஸ்டல் கிளிஃப்டனில் லஸ்கர் ஒரே நேரத்தில் பலரோடு ஆடினார், நேரம் முடிந்ததால் சில ஆட்டங்கள் முற்றுப்பெறவில்லை, மேரியோடு ஆடிய ஆட்டத்தில், சரியான காய்நகர்த்தல்கள் தொடர்ந்தால் தமக்குத் தோல்வியே என்பதால் அதை அவருக்கு விட்டுக்கொடுத்தார். இதுவே போதுமான பெருமை. இதற்குமேல் மெருகேற்றத் தேவையில்லை. அதேபோல 1897 போட்டியைச் சிலர் உலக சாம்பியன் போட்டி என்று எழுதுகிறார்கள். மகளிருக்கான முறையான உலக சாம்பியன் போட்டி 1927 இல், வெரா மென்சிக் வென்றதிலிருந்துதான் தொடங்குகிறது. மேரியின் ஆட்டத்தைப் பற்றி அன்றைய இதழ்கள் எழுதியவை இவற்றைவிடச் சுவையானவை: அவர் எந்த ஆபத்திலும் இறங்கவில்லை, வேடிக்கை பார்ப்பவர்களை அசத்த வாணவேடிக்கை காட்டவில்லை, ஒரு சிப்பாய் கிடைத்தால் அதை விடாமல் பிடித்துக்கொண்டு கடைசிவரை கொண்டுபோய் வென்றார்.

இந்த வழிமுறை நம் நாட்டு ஆட்டக்காரர்களுக்குப் பயன்படுமா என்ற துணைக்கேள்வி எழுவது இயல்பு. இந்தியாவில் இருந்த ஐரோப்பியர்களுக்குப் பயன்படும். வங்காளம், மதராஸ், பம்பாய் மூன்று மாகாணங்களின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் படிகள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்களில் இருக்கின்றன. மதராஸில் இருந்தவர்களுக்கு ஆண்டுதோறும் வந்த அசைலம் அச்சகப் பஞ்சாங்கத்தின் குடியிருப்போர் பட்டியலும் உதவும். ஆனால் நம்மவர்களைத் தேடுவது அறவே வேறு கதை. இந்தியக் கணக்கெடுப்புகள் 1870களில் தொடங்கினாலும் வீட்டுவாரித் தாள்கள் எண்ணிக்கை எடுத்தபின் காக்கப்படவில்லை. தகப்பன் பெயரும் ஊர்ப் பெயரும் முதலெழுத்தாகச் சுருங்கிப்போன ஒருவரை, அதே பெயருள்ள பலரிலிருந்து பிரித்தெடுக்க அட்டவணை ஏதும் இல்லை.

மகேஷ் சந்திர பானர்ஜியை எடுத்துக்கொள்ளுங்கள். கல்கத்தாவில் வழக்கறிஞராக இருந்த ஜான் காக்ரேனோடு 1848 முதல் பல ஆண்டுகள் ஆடியவர். அந்த ஆட்டங்கள் நூற்றுக்கணக்கில் எஞ்சியிருக்கின்றன. நான்காவது நகர்த்தலிலேயே குதிரையைப் பலியிடும் காக்ரேன் காம்பிட் என்ற தொடக்க முறை முதலில் பதிவானது இவருக்கு எதிராகத்தான். 1855 மே மாதத்தில் இவர் கறுப்புக் காய்களோடு ஆடித் தோற்ற ஓர் ஆட்டத்தின் தொடக்கம், பின்னாளில் குருன்ஃபெல்ட் தற்காப்பு என்று பெயர் பெற்ற அதே வரிசை. அந்தப் பெயருக்குரிய ஆட்டக்காரர் குருன்ஃபெல்ட் பிறந்ததே 1893 இல். இப்படிப்பட்டவரை ஆங்கில இதழ்கள் முஃபசலிலிருந்து, அதாவது நகரத்துக்கு வெளியே உள்ள நாட்டுப்புறத்திலிருந்து, வந்த பிராமணர் என்று எழுதிவிட்டு நகர்ந்துவிட்டன. பெயரையும் மொகேஷுண்டர், மொகிஷுண்டர் என்று தோன்றியபடி எழுதின. அவருடைய எதிராளியின் வாழ்க்கையை வழக்கறிஞர் பட்டியல்களைக் கொண்டே ஆண்டு வாரியாகத் தொடரலாம். இவருக்கு அப்படி ஒரு பட்டியல் இல்லை. ஆகவே இவர் விஷயத்தில் நான் முன்பு சொன்னதைத் தலைகீழாக்க வேண்டியிருக்கிறது. ஆட்டக்குறிப்புகளின் மேல் உள்ள தேதிகளே இவருக்குப் பதிவேடு; எந்த மாதம் கல்கத்தாவில் இருந்தார், எந்த இடைவெளியில் இல்லை, எந்த ஆண்டோடு ஆட்டங்கள் நின்றுபோகின்றன என்பதை அவற்றை வரிசைப்படுத்தித்தான் பார்க்க முடியும். கல்கத்தாவில் அதே காக்ரேனோடு ஆடிய ஷ்யாமாசரண் கட்டக் என்பவருக்கும் இதே நிலைதான்; அவரைச் சௌம்சர்ன் குட்டக் என்ற எழுத்துக்கூட்டலில் தேடினால்தான் கிடைப்பார்.